செம்பென்று நம்பி

"பகலில ஒரு குறையும் இல்லைத் தம்பி. இருண்டாப் பிறகுதான் உந்தக் கமரா விழுந்து விழுந்து எழும்புது" என்றார் கோயில் நிர்வாகத்துப் பெரியவர். வடமராட்சிக் கரையோரத்துச் சிறிய கோயில் அது. கொடியேற்றத்துக்கு அதிக நாள் இல்லை. தேர்முட்டிக்கு எதிரே, வெளிவீதிக் கம்பத்தில் பூட்டியிருந்த சுழலும் கமராதான் சிக்கல். அதைத் திருத்த வந்தவர்கள் இருவர். மூத்தவர் வீட்டு வயரிங்கில் கைதேர்ந்து பிறகு இந்தத் தொழிலுக்கு வந்தவர். இளையவர் அவருடைய மருமகன். அவர்களின் வேலையைப் பார்க்க நானும் கூடவே நின்றேன்.

அந்தக் கமராவுக்குத் தனி மின்வயர் கிடையாது. படத்தைக் கொண்டுவரும் நெற்வேர்க் கேபிளே மின்சாரத்தையும் கொண்டுபோகிறது. பி.ஓ.ஈ. என்று கடைகளில் சொல்லும் முறை. 2003இல் வந்த முதல் தரத்தில் ஓர் இணைப்புக்கு 15.4 வாட் அனுப்பலாம். 2009இல் அது 30 வாட் ஆனது. 2018இல் 60, 90 வாட் வரை உயர்ந்தது. சுவரில் அசையாமல் இருக்கும் கமராவுக்கு முதல் தரமே போதும். தலையைத் திருப்பி, தூரத்தை இழுத்துக் காட்டி, இருட்டில் அகச்சிவப்பு விளக்கும் எரிக்கிற கமராவுக்கு அது காணாது.

'இருண்டாப் பிறகு' என்ற சொல்லிலேயே மூத்தவருக்குப் பாதி விடை கிடைத்துவிட்டது. விளக்கு எரியத் தொடங்கியதும் கமரா கூடுதல் மின்சாரம் கேட்கிறது. கேபிள் வழியே மின்னழுத்தம் விழுகிறது. கமரா அணைந்து, மறுபடி தொடங்கி, விளக்கை எரித்து, மறுபடி அணைகிறது.

இளையவர் கம்பத்தில் ஏறிக் கேபிளின் நுனியை வெட்டிக் கீழே கொண்டுவந்தார். ஓர் இழையைப் பிளேட்டால் சுரண்டினார். செம்பு நிறம் தோலாக உரிந்தது. உள்ளே வெள்ளை.

"மாமா, இஞ்ச பாருங்கோ. அலுமினியம்."

செம்பு பூசிய அலுமினியத்துக்குச் செம்பைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு மின்தடை. வெட்டியெடுத்த கேபிளின் இணைப்புத் தலையில் இன்னொரு குறையும் இருந்தது. எட்டு இழைகளில் செம்மஞ்சள், பச்சைச் சோடிகளை மட்டும் ஏற்றிவிட்டு, நீலத்தையும் மண்ணிறத்தையும் முன்பு யாரோ கத்தரித்துவிட்டிருந்தார்கள். படம் வர நான்கு இழை போதும் என்பது உண்மை. ஆனால் 60 வாட் முறை நான்கு சோடிகளிலும் மின்சாரத்தைப் பகிர்ந்து அனுப்புவது. அப்படிப் பகிர்ந்தால் ஒரே அளவு மின்னோட்டத்துக்கு வழியில் ஏற்படும் இழப்பு பாதியாகும்.

இழப்பைக் கணக்கிடுவது எளிது. மின்னோட்டத்தை அதனாலேயே பெருக்கி, தடையாலும் பெருக்கினால், கேபிளைச் சூடாக்கி வீணாகும் வாட் வரும். 30 வாட் தரத்தில் ஓட்டம் 0.6 அம்பியர். 100 மீற்றர் இணைப்புக்கு அனுமதித்த தடை 12.5 ஓம். இழப்பு 4.5 வாட். கமராவுக்கு உறுதியாகச் சேர்வது 25.5. பொய்ச் செம்பு இந்தக் கணக்கையே குலைத்துவிடும்.

அலுவலக அறையிலிருந்து கம்பம்வரை நாடாப் பிடித்து அளந்தார்கள். 100 மீற்றருக்குள் நின்றது. குழாய்க்குள் அசல் செம்புக் கேபிளை இழுத்தார்கள். இளையவர் எட்டு இழைகளையும் விரலால் நீவி, செம்மஞ்சளில் தொடங்கி மண்ணிறத்தில் முடியும் வரிசையில் அடுக்கி, ஒரே வெட்டில் சமப்படுத்தித் தலைக்குள் செலுத்தினார். கடல் உப்பு பித்தளையையும் பச்சையாக்கும் இடம் அது. அதனால் இணைப்பைப் பெட்டிக்குள் வைத்து, கேபிள் நுழையும் வாயை இறப்பர் வளையத்தால் இறுக்கினார். பெட்டிக்குள் போகுமுன் கேபிளைச் சற்றுத் தாழ வளைத்துவிட்டார். மாரி மழைத் தண்ணீர் அந்த வளைவோடு கீழே சொட்டிவிடும்.

அலுவலக அறையில், கேபிளுக்கு மின்சாரம் கொடுக்கும் 60 வாட் நெற்வேர்க் சுவிட்ச் பூட்டினார்கள். தரமான சுவிட்ச் எடுத்த எடுப்பில் 50 வோல்ட்டைத் தள்ளாது. முதலில் 10 வோல்ட் அளவுக்குள் மெல்லச் சோதித்து, எதிர்முனையில் 25,000 ஓம் அடையாளத் தடை இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால்தான் முழு மின்சாரமும் போகும். சுவிட்சை ஒரு மின்கல யூ.பி.எஸ்.இல் மாட்டினார்கள். 2022 மார்ச் இறுதியில் 13 மணிநேர மின்வெட்டைக் கண்ட நாட்டில் அது ஆடம்பரம் அல்ல. கோயிலின் எல்லாக் கமராவுக்கும் இந்த அறையிலிருந்தே மின்சாரம் போவதால், ஒரே இடத்து மின்கலம் அத்தனைக்கும் துணை.

நாலு மணிக்கே படம் வந்துவிட்டது. பெரியவர் காசை எடுத்தார். மூத்தவர் வாங்கவில்லை. "பொறுங்கோ ஐயா. இரவில வந்த வருத்தம், இரவிலதான் பார்க்கோணும்." இருட்டும்வரை இருவரும் காத்திருந்தார்கள். விளக்கு எரிந்தது. கமராவை இடமும் வலமும் சுழற்றினார்கள். படம் ஒருமுறையும் அறவில்லை. அதன் பிறகுதான் காசை வாங்கினார்கள்.

இப்படி வேலை செய்கிறவர்கள் குடாநாட்டில் பலர் இருக்கிறார்கள். ஆனால் அசல் செம்புக்கு விலை கூட. அதை எழுதிக் கொடுப்பவரை விட்டுவிட்டு, குறைந்த தொகை சொன்னவரிடம் வேலையைக் கொடுத்துவிடுகிறோம். கமராவின் மெகாபிக்சலைத் துருவிக் கேட்கிற நாங்கள் கேபிளைப் பற்றி ஒரு சொல் கேட்பதில்லை. பூட்டிய வீட்டை ரொறன்ரோவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் பார்த்துக்கொள்ளக் காசு அனுப்புகிறவர்களும் கேட்பதில்லை. முழுச் செம்பா, எட்டு இழையும் ஏற்றுவீர்களா, இருட்டில் சோதித்துக் காட்டுவீர்களா என்று கேளுங்கள். இந்த மூன்றையும் எல்லோரும் கேட்கத் தொடங்கினால், நேர்மையாக வேலை செய்கிறவர் விலையில் தோற்கமாட்டார்.