கமிஷனும் கீழ்வீட்டு மாமியும்

மாதுங்காவில் இரண்டு அறை ஃப்ளாட். அதில் ஓர் அறை முழுக்கப் பருப்புப் பொடியும் எலுமிச்சை ஊறுகாயும். இன்ஸ்டாகிராமில் கடை போட்ட முதல் வருடம் மாதத்துக்கு இருபது ஆர்டர் வந்தாலே அதிகம். பிறகுதான் கமிஷன் முறைக்கு வந்தேன். சமையல் வீடியோ போடும் ஒரு பெண்ணுக்குத் தனி லிங்க். அதன் வழியே யார் வாங்கினாலும் நூற்றுக்கு 15 ரூபாய் அவருக்கு. விற்றால்தான் பணம், எனக்கு முன்செலவில்லை. ஆர்டர்கள் குவிந்தன.

ஒருநாள் கீழ்வீட்டு மாமி கேட்டார்: "அந்தப் பொண்ணு தினமும் உன் பொடியைத்தான் சாப்பிடறாளாமே, நிஜமா?" அனுப்பிய பாக்கெட்டை அவர் பிரித்தாரா என்பதே எனக்குத் தெரியாது.

பணம் வாங்கிக்கொண்டு பாராட்டினால் அதைத் தெளிவாக, பேசும் மொழியிலேயே சொல்ல வேண்டும் என்கின்றன 2023 ஜனவரியில் மத்திய அரசு வெளியிட்ட நெறிமுறைகள். திசைதிருப்பும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. ஆனால் என்னை உறுத்தியது சட்டமல்ல, மாமியின் கேள்வி.

'எனக்கு இதில் கமிஷன் உண்டு' என்று வீடியோவில் சொல்லச் சொன்னேன். அந்தப் பெண் விலகிக்கொண்டார். ஆர்டர் பாதியானது.

இப்போது லிங்க் மாமியிடம். கமிஷன் வேண்டாமாம், மாதம் ஒரு பாட்டில் ஊறுகாய் போதுமாம். அதையும் வாட்ஸ்அப் குழுவில் அவரே எழுதிவிடுகிறார்.