"பெர்ம்வெயர் பக்" என்று வந்தால் லெப்டொப் பழுதா?



கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் பழைய லெப்டொப் வைத்திருப்பவர்களாவது முழுமையாக வாசியுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் நம்மூர்ச் சகோதரர் ஒருவர் அனுப்பிய ஏழு பாவித்த லெப்டொப்களுக்கும் நாங்கள் லினக்ஸ் போட்டோம். நாங்கள் என்றால் கணினி அறைக்குப் பொறுப்பான இரண்டு ஆசிரியர்களும் தரம் 10 பிள்ளைகளும். ஏழும் நன்றாக ஓடுகின்றன. ஆனால் நான்கில், தொடங்கும்போது கறுப்புத் திரையில் "பெர்ம்வெயர் பக்" என்று ஒரு வரி வந்து மறைகிறது. அதைக் கண்ட ஒரு வாப்பா, "விண்டோஸ் இருந்த நேரம் இப்புடி ஒண்டும் வரல்லியே சேர், நீங்க போட்டதுலதான் பிழை" என்றார். இரண்டு நாளில் 'ஸ்கூலுக்கு வந்த லெப்டொப் எல்லாம் பழுதாம்' என்று ஊர் முழுக்கக் கதை. இப்போது அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் இவற்றை விற்றுவிடலாம் என்கிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறோம்.

பெர்ம்வெயர் என்பது மதர்போட்டிலேயே பதிந்து வரும் மென்பொருள். நாம் பயோஸ் என்று சொல்வதும் அதுதான். சுவிட்சைப் போட்டதும் முதலில் விழிப்பது அது. எவ்வளவு மெமரி இருக்கிறது, எந்தப் பகுதி எங்கே இருக்கிறது என்று ஒரு பட்டியலை லினக்ஸிடமோ விண்டோஸிடமோ ஒப்படைக்கும். அந்தப் பட்டியல் பிழையாகவும் இருக்கலாம். பெரும்பாலான கம்பெனிகள் விண்டோஸில் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு விற்றுவிடும். சில பயோஸ்கள் "நீ யார்?" என்று கேட்டு, பதிலைப் பார்த்து நடந்துகொள்ளும். அதனால் லினக்ஸ் பல வருடங்களாக "நான் விண்டோஸ்" என்றே பதில் சொல்லி வருகிறது. பிள்ளைகள் இதைக் கேட்டுச் சிரித்த சிரிப்பில் பக்கத்து வகுப்பு டீச்சர் எட்டிப் பார்த்தார்.

எங்களுக்கு மிகவும் பிடித்த விடயம் வேறு. 2008இல் லினக்ஸ் கேர்னலை எழுதுபவர்கள், பெர்ம்வெயர் மீது குற்றம் சொல்வதற்கு மூன்று படிகள் வைத்தார்கள். பிழை அங்கேதான் என்று நிச்சயமாகத் தெரிந்தால் மட்டும் "பக்". ஒருவேளை கேர்னலே எதையாவது குழப்பியிருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால் "வோர்ன்". பார்க்க ஒரு மாதிரி இருக்கிறது, ஆனால் பாதிப்பில்லை என்றால் "இன்போ". அதோடு, பயோஸ் எழுதியவர் கேர்னலின் கோடைத் திறந்து பார்க்காமலே, அந்த வரியை வாசித்தவுடன் எதைத் திருத்த வேண்டும் என்று விளங்கிக்கொள்ள வேண்டும் என்றும் எழுதி வைத்தார்கள். சில இடங்களில் பயோஸ் கம்பெனியின் பெயர், வெர்ஷன், மாடல் எல்லாம் சேர்த்தே அச்சாகும். ஒருவரைப் பற்றிக் கதைக்க முன் நம்மில் எத்தனை பேர் இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கிறோம்?

சொல்லிவிட்டு அவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதுமில்லை. இந்த மாடலில் இந்த வெர்ஷன் பயோஸ் சொல்வதை நம்பாதே, இப்படிச் செய் என்று கேர்னலுக்குள்ளேயே பட்டியல்கள் இருக்கின்றன. எங்கள் நான்கு லெப்டொப்களும் ஓடுவது அப்படித்தான்.

சில நேரம் இது விளையாட்டில்லை. 2013இல் சில சாம்சங் லெப்டொப்களில் லினக்ஸ் ஓட்டியதும் மதர்போட்டே செத்துப்போனது. எல்லோரும் லினக்ஸைத்தான் ஏசினார்கள். பிறகு மத்தியூ கரெட் என்ற கேர்னல் டிவலப்பர், விண்டோஸிலிருந்தும் அதே லெப்டொப்பைச் சாகடிக்கலாம் என்று காட்டினார். பயோஸ் தன் தகவல்களைச் சேமிக்கும் சிறிய இடம் நிரம்பினால், அதற்குப் பிறகு எழும்பத் தெரியாத பெர்ம்வெயர் அது. பிழை யாருடையது என்று தெரிந்த பிறகும், அந்த இடத்தை நிரப்பாமல் பார்த்துக்கொள்ளும்படி கேர்னலைத்தான் மாற்றினார்கள். லெப்டொப் வாங்கியவன் என்ன செய்வான், பாவம்.

ஆகவே அந்த வரி, லினக்ஸ் பழுது என்பதற்கோ லெப்டொப் சாகப்போகிறது என்பதற்கோ அடையாளமில்லை. விண்டோஸில் அது திரையில் தெரியவில்லை, அவ்வளவுதான். கூட்டத்தில் விற்பதா இல்லையா என்று முடிவெடுக்க முன், ஒரு தடவை கணினி அறைக்கு வந்து பிள்ளைகள் அவற்றில் வேலை செய்வதைப் பாருங்கள்.

வீட்டு லெப்டொப்பிலும் இப்படி வரி வந்தால் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். பயோஸை நீங்களாக அப்டேட் பண்ண வேண்டாம். நம்ம தீவில் கரண்ட் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. பாதியில் நின்றால் லெப்டொப் திரும்ப எழும்பாமலே போகலாம். சனிக்கிழமை அஸருக்குப் பிறகு நாங்கள் பாடசாலையில் இருப்போம், இன்ஷா அல்லாஹ். மாடலையும் பயோஸ் வெர்ஷனையும் குறித்துக்கொண்டு, கம்பெனி திருத்திய பயோஸ் வெளியிட்டிருக்கிறதா என்று பிள்ளைகளே தேடித் தருவார்கள். வரும்போது சார்ஜரையும் மறக்காமல் கொண்டு வாருங்கள்.