பினாங்குல ஆறு மணி நேரம்!

கப்பல்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? எனக்கு 'டைட்டானிக்'தான்! அதனால, 2024-ல் சிங்கப்பூர் சித்தப்பா, "லீவுக்கு வாங்க, எல்லாரும் மூணு ராத்திரி க்ரூஸ் போறோம்"னு சொன்னப்ப கொஞ்சம் சந்தோஷம், நிறைய உதறல். எங்க அப்பாயி மட்டும் ஒரே கேள்விதான் கேட்டாங்க.

"பினாங்குல நிக்குமா?"

நிக்கும்னு தெரிஞ்சதும் நாகப்பட்டினம் வீட்டுல முதல் ஆளா பெட்டி கட்டினது 78 வயசு அப்பாயிதான்!

சிங்கப்பூர்ல ஏறிப் பார்த்தா, அது கப்பல் இல்லைங்க... மிதக்குற அபார்ட்மென்ட்! முதல் வேலை, பாதுகாப்பு ஒத்திகை. ஆபத்துன்னா எங்கே கூடணும், லைஃப் ஜாக்கெட்டை எப்படி மாட்டணும்னு சொல்லித் தர்றாங்க. அந்த நேரத்துல செல்ஃபி வேண்டாம் பாஸ்!

மறுநாள் முழுக்கக் கடல்தான். செல்போன்ல சிக்னல் கிடையாது. எழுந்தா சாப்பாடு, சாப்பிட்டா தூக்கம், தூங்கி எழுந்தா மறுபடி சாப்பாடு. நீச்சல் குளம் போரடிச்சா வேடிக்கை பார்க்க மலாக்கா நீரிணை இருக்கு. உலகத்தின் பரபரப்பான கடல் பாதைகளில் ஒண்ணு. சிங்கப்பூரை ஒட்டி ஒரு இடத்தில் அகலம் 3 கிலோமீட்டருக்கும் குறைவு. கன்டெய்னர் கப்பலும் எண்ணெய்க் கப்பலும் நம்ம ஜி.எஸ்.டி. ரோட்டு லாரி மாதிரி வரிசையா வருது.

சாயங்காலம் மேல்தளத்துல சாய்வு நாற்காலியில உட்காரச் சொன்னா, அப்பாயி கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. "எங்கப்பா ரஜூலாவுல தரையில படுத்துல்ல போனாரு..."

ரஜூலா, 1926-ல் கட்டின கப்பல். சென்னை, நாகப்பட்டினத்துலேருந்து பினாங்கு வழியா சிங்கப்பூர் வரைக்கும் 1970-கள் வரை ஓடுச்சு. கேபின் கொஞ்சம் பேருக்குத்தான். ஆயிரக்கணக்கான பேர் டெக்கில் பாயை விரிச்சுப் படுத்துக்கிட்டுதான் பிழைப்பு தேடிப் போனாங்க. 1951-ல் போன எங்க கொள்ளுத்தாத்தாவும் அப்படித்தான். அப்போ அப்பாயிக்கு அஞ்சு வயசு. நாலு வருஷம் காசும் கடுதாசியும் வந்துச்சு. அப்புறம் ரெண்டுமே நின்னு போச்சு. இருக்காரா, இல்லையா... யாருக்கும் தெரியாது. அவர் மனைவி சாகுற வரைக்கும் குங்குமத்தை அழிக்கவே இல்லையாம்.

அடுத்த நாள் காலை 8 மணிக்குப் பினாங்கு. ஸ்வெட்டன்ஹாம் துறைமுகத்தை விட்டு வெளியே வந்தா, எதிர்லயே விக்டோரியா ராணிக்காகக் கட்டின 60 அடி மணிக்கூண்டு. பக்கத்துல கார்ன்வாலிஸ் கோட்டை. பழைய ஜார்ஜ் டவுன் 2008-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த இடம். எல்லாமே நடக்குற தூரம்தான்.

அப்பாயி எதையும் நிமிர்ந்து பார்க்கலை. கையில பழுப்பேறின ஒரு கவர். அதுல 'மார்க்கெட் ஸ்ட்ரீட், பினாங்கு'ன்னு முகவரி.

தெருவுக்குள்ள நுழைஞ்சா, பூக்கடை, சேலைக்கடை, சினிமாப் பாட்டு... நம்ம ஊரேதான்! கதவு எண்ணைத் தேடிப் போனா, ஜவுளிக்கடை. கடைக்காரர் கவரை வாங்கிப் பார்த்துட்டு, "கட்டடம் பல கை மாறிடுச்சும்மா. பேரை யாருக்கும் தெரியாது. உட்காருங்க, தே குடிங்க"ன்னார். கடை வாசல் தாழ்வாரத்தை அங்கே 'அஞ்சடி'ன்னு சொல்றாங்க. அப்பாயி அந்த அஞ்சடியிலேயே உட்கார்ந்து தரையைத் தடவிப் பார்த்தாங்க.

பக்கத்துத் தெருவுல மகா மாரியம்மன் கோயில். 1833-லேருந்து இருக்கு. "திதி குடுக்கணுமா அப்பாயி?"ன்னு மெதுவாக் கேட்டேன். தலையை ஆட்டினாங்க. "எங்கம்மா குடுக்கலையே... நான் எப்படிக் குடுக்குறது?" அப்பா பேரைச் சொல்லி அர்ச்சனைதான் செஞ்சாங்க, உயிரோட இருக்குறவங்களுக்குச் செய்யுற மாதிரி.

1.30-க்குள்ள ஏறலைன்னா கப்பல் நமக்காக நிக்காது. ஓடிவந்து ஏறினோம். நாசி கண்டார் சாப்பிட நேரமில்லை. அந்தக் காலத்துல தமிழ் முஸ்லிம்கள் காவடி மாதிரி தோளில் சுமந்து வித்த சோறாம் அது. அடுத்த தடவை கண்டிப்பா!

சங்கு ஊதிக் கப்பல் நகர்ந்துச்சு. அப்பாயி முதல் தடவையா அந்தச் சாய்வு நாற்காலியில உட்கார்ந்தாங்க. அந்த ஊர் மறையுற வரைக்கும் பார்த்துட்டு, கவரை என் கையில குடுத்தாங்க.

"இனிமே நீ வச்சுக்க."