டப்பாவுக்குள்ள ஒரு நெட்வொர்க்

போன ஞாயித்துக்கிழமை அக்கா பொண்ணு போன் பண்ணினா. பைனல் இயர் ப்ராஜெக்ட். "மாமா, தெரியாத்தனமா நெட்வொர்க்கிங் எடுத்துட்டேன். லேப்ல இருக்கிறது ரெண்டே ஸ்விட்ச். எங்க முறை வர்றதுக்குள்ள வைவா வந்துடும்"னு அழாத குறை. கையில இருக்கிறது அவ அண்ணனோட உபுண்டு லேப்டாப். அவன் சோறு அதுல. கண்டதையும் ஏத்திக் கெடுத்தா வீடு ரெண்டாயிடும்.

சரின்னு மினிநெட்டை எடுத்தோம். லேப்டாப்புக்குள்ளயே ஒரு நெட்வொர்க்னு ஸ்டான்போர்டுல இருந்து 2010-ல வந்த சமாச்சாரம். லினக்ஸ் நேம்ஸ்பேஸ்தான் இதுல கம்ப்யூட்டர். வீத் ஜோடிதான் கேபிள், ஒரு முனையில போட்டா மறுமுனையில வரும். நடுவுல ஓபன் விஸ்விட்ச்.

எதுக்கும் இருக்கட்டும்னு டாக்கர் கன்டெய்னருக்குள்ள ஏத்தினோம். அங்கதான் ஆரம்பிச்சது சோதனை.

உபுண்டு இமேஜ்ல பிங் கூட கிடையாது, தனியா போடணும். அப்புறம் அனுமதி இல்லைன்னு அழுதுச்சு. ப்ரிவிலேஜ்டுனு சேர்த்து ஓட்டினோம். அடுத்து ஓபன் விஸ்விட்சைக் காணோம். கன்டெய்னர்ல சிஸ்டம்டி ஓடாது, அதனால சர்வீஸை நாமதான் கையால கிளப்பணும். அதுவும் பத்தலை. கன்டெய்னருக்குன்னு சொந்தக் கெர்னல் இல்லையே! விஸ்விட்ச் மாட்யூலை வெளியில, அண்ணன் லேப்டாப்லயே ஏத்த வேண்டியதாப் போச்சு.

டப்பா டப்பானு சொன்னேனே, ப்ரிவிலேஜ்டு போட்டதுமே மூடி திறந்தாச்சுங்க. முன்னபின்ன தெரியாத இமேஜை இப்படி ஓட்டிடாதீங்க.

ஒருவழியா பிங்ஆல் அடிச்சா, ஒண்ணும் தொலையலை. ரெண்டு ஹோஸ்ட், நடுவுல ஒரு ஸ்விட்ச். ஒவ்வொரு கேபிளுக்கும் 10 மில்லிசெகண்ட் தாமதம் வைக்கச் சொன்னேன். பிங் 40-க்கு மேல காட்டுச்சு.

"மாமா, தப்பா வருது."

"எத்தனை கேபிள்?"

"ரெண்டு."

"போனா மட்டும் போதுமா?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "அட! போக ரெண்டு, வர ரெண்டு!"

வைவாவுல இதையே கேட்டா கண்டிப்பா சொல்லிடுவா. நானெல்லாம் ரவுட்டரை போர்டுல படமா மட்டுமே பார்த்துப் பாஸ் பண்ணின கேஸு. அந்த "அட" எனக்கு வந்தது வேலைக்குச் சேர்ந்து ரெண்டு வருஷம் கழிச்சுத்தான். கொஞ்சம் பொறாமையா இருந்துச்சு, பொய் சொல்வானேன் :)