இருதயம் அனுப்பும் தூது

சென்ற ஆண்டு, இயேசுவின் திரு இருதயப் பெருவிழா மறையுரையில், "மனித இருதயம் இரத்தத்தை இறைக்கும் ஒரு பம்பு மட்டுமே, அன்பே அதற்கு மேன்மை தருகிறது" என்று நாம் கூறினோம். பூசை முடிந்ததும் ஓர் இளைஞர் நம்மிடம் வந்தார். சிறுவராய்ப் பீடத்தில் உதவி செய்து வளர்ந்து, இன்று மருத்துவராயிருப்பவர். "சாமி, மன்னிக்க வேண்டும். இருதயம் பம்பு மட்டுமன்று, அது ஹார்மோன் சுரக்கும் உறுப்புமாகும்" என்றார் பணிவுடன்.

அவர் விளக்கியதையும், பின்னர் நாம் படித்தறிந்ததையும் நம் குடும்பங்களுக்குச் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.

1981-ஆம் ஆண்டில் கனடா நாட்டுக் கிங்ஸ்டன் நகரில், அடோல்போ டி போல்டு என்னும் அறிஞரும் அவருடைய தோழர்களும் எலியின் இருதய மேலறைகளினின்று எடுத்த சாற்றை வேறு எலிகளுக்குச் செலுத்தினர். விரைவிலேயே உப்பும் நீரும் சிறுநீரில் மிகுதியாய் வெளியேறின. இரத்தம் பெருகி மேலறைச் சுவர் விரியும்போது இருதயம் ஒரு ஹார்மோனை வெளிவிடுகிறது. அதனால் உப்பு நீங்குகிறது, இரத்தக் குழாய்கள் தளர்கின்றன, சுமை குறைகிறது என்பது தெளிவாயிற்று.

வியப்பு அதனோடு முடியவில்லை. அந்த ஹார்மோன் மனிதரின் கொழுப்பு அணுக்களையும் தூண்டி, சேமித்த கொழுப்பைக் கரைத்து வெளிவிடச் செய்கிறது என்று பிரான்சு நாட்டுத் துலூஸ் நகர அறிஞர் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். பின்னர் ஜெர்மனியில் நோயற்ற ஆடவர்க்கு அதனைச் செலுத்திப் பார்த்தபோதும் இரத்தத்தில் கொழுப்பமிலங்கள் உயர்ந்தன. நாம் விரைந்து நடக்கும்போதும் உடல் வருந்தி உழைக்கும்போதும் இருதயம் இத்தூதை அனுப்புகிறது. அடைபட்டுக் கிடந்த கொழுப்பு தசைகளுக்கு எரிபொருளாகிறது. உடல் பருத்தவர்களின் இரத்தத்திலோ இந்த ஹார்மோன் குறைவாகவே காணப்படுகிறது. இவை நலமுள்ளோரைப் பற்றியவை. இருதயம் நலிந்தோர்க்கு இது மிகுவது நோயின் அடையாளம். அவர்கள் மருத்துவரைக் கேட்டே நடக்க வேண்டும்.

இவற்றைப் படித்தபோது நமக்கு வெட்கமாயிருந்தது. கிளைக் கிராமங்களுக்கு மிதிவண்டியில் சென்ற நாம், இப்பொழுது அடுத்த தெருவுக்கும் மோட்டார் சைக்கிளில் போகிறோம், அங்கியும் இறுகிவிட்டது.

அடுத்த முதல் வெள்ளியன்று நோயாளருக்கு நற்கருணை கொடுத்துவிட்டு நடந்தே திரும்பினோம். ஒரு வாசலில் நின்ற தாய் நம்மை நிறுத்தி, வீட்டை விட்டுப் போன மகனைப் பற்றிச் சொல்லி அழுதார். போய் மூன்று மாதமாயிற்றாம். "முன்பே சொல்லியிருக்கலாமே, அம்மா?" என்றோம். "சாமி வண்டியில் போறீங்க, எப்படி நிறுத்துறது?" என்றார்.

நம் உடலுக்குள் இருதயம் ஓய்வின்றித் தூது அனுப்பிக்கொண்டிருக்கிறது. சேர்த்து வைத்ததைப் பிறர்க்கு விட்டுக்கொடு என்பதே அத்தூது. அதைக் கேட்க நாம் முதலில் வண்டியை விட்டு இறங்க வேண்டியிருந்தது.