சங்குக்குப் போட்ட வாக்கு வீணா?



கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள். கருத்தில் பிழை இருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள். ஆட்களை மட்டும் தூற்றாதீர்கள்.

அன்புவழிபுரத்தில் படிப்பிக்கும் முஸ்லிம் ஆசிரியர்கள் நாங்கள் நாலு பேர். ஜமாலியாவிலிருந்து இருவர், கிண்ணியாவிலிருந்து இருவர். மற்றவர்கள் எல்லோரும் தமிழ் ஆசிரியர்கள். பெருநாளைக்கு வட்டிலப்பம் நாங்கள் கொண்டுபோவோம், பொங்கலுக்கு அவர்கள் தருவார்கள். அரசியல் பேச்சு வந்தால் ஆளுக்கொரு கொப்பியைத் தூக்கித் திருத்தத் தொடங்கிவிடுவோம். அப்படித்தான் இவ்வளவு காலமும் ஓடியது.

2024 ஜனாதிபதித் தேர்தலில் அது முடியாமல் போனது. காரணம், தமிழ்ப் பொது வேட்பாளராக நின்ற முன்னாள் மட்டக்களப்பு எம்.பி. பா. அரியநேத்திரன். சின்னம் சங்கு.

அவரைப் பற்றி இந்த ஊரில் எத்தனை கருத்து! சந்தியில் ஓட்டோ ஓட்டும் அண்ணன் சொன்னார்: "வெல்ல மாட்டார் எண்டு எங்களுக்கும் தெரியும். நாங்க இருக்கிறம் எண்டு காட்டத்தானே நிக்கிறார்." பக்கத்துக் கடை ஐயா அதற்கு நேர்மாறு: "சம்பந்தன் ஐயா கண் மூடி மூண்டு மாசம் ஆகல்ல. அதுக்குள்ள வீட்டை ரெண்டாக்கிட்டாங்க." தேர்தலையே புறக்கணிக்க வேண்டும் என்று கஜேந்திரகுமாரின் கட்சி சொன்னதைச் சரி என்றவர்களும் இருந்தார்கள். உயர்தரம் படிக்கும் பிள்ளைகளோ சங்கையும் பார்க்கவில்லை, டெலிபோனையும் பார்க்கவில்லை. அவர்கள் வாயில் திசைகாட்டிதான். செப்டம்பர் 1ஆம் திகதி தமிழரசுக் கட்சி வவுனியாவில் கூடி சஜித் பிரேமதாசவை ஆதரிப்பதாக அறிவித்த பிறகு குழப்பம் இன்னும் கூடியது. அரியநேத்திரனும் அதே கட்சிக்காரர்தானே.

எங்கள் பக்கம் கதை வேறு. முஸ்லிம் காங்கிரசும் மக்கள் காங்கிரசும் சஜித்தோடு நின்றன. எங்களில் அநேகருக்கும் அதுவே மனதில் இருந்தது. பொது வேட்பாளர் பற்றி எங்களிடம் ஒரு மனக்குறையும் இருந்தது. மேடையில் பேசும்போது "தமிழ் பேசும் மக்கள்" என்கிறார்கள், ஆள் தெரியும்போது எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்தக் குறை இன்றும் இருக்கிறது. அதை மறைக்கத் தேவையில்லை.

தபால்மூல வாக்களிப்புக்கு முதல் நாள், இடைவேளை நேரம். விருப்பு வாக்கு எப்படி எண்ணுவது என்று எங்களிடம் கேட்டார்கள். கணிதம் படிப்பிக்கிறவர் எங்களில் இருக்கிறாரே. அவர் கரும்பலகையில் எழுதி விளங்கப்படுத்தினார். யாருக்கும் ஐம்பது வீதத்துக்கு மேல் கிடைக்காவிட்டால் முதல் இருவரைத் தவிர மற்றவர்கள் வெளியே. வெளியே போனவர்களின் வாக்குச்சீட்டுகளில் இரண்டாம், மூன்றாம் விருப்பம் அந்த இருவரில் ஒருவருக்கு இருந்தால் அவருக்குச் சேரும். எல்லாம் சரியாகச் சொன்னவர், கடைசியில் சோக்கை வைத்துவிட்டு, "ஆனா சங்குக்குப் போடுறதும் குப்பைக்கூடைக்குள்ள போடுறதும் ஒண்டுதான்" என்றார்.

நாங்கள் மற்ற மூன்று பேரும் சிரித்தோம்.

தமிழ் படிப்பிக்கும் டீச்சர் ஒருவர் எழும்பி வெளியே போனார். அவருடைய தம்பி 2008இல் வேலைக்கென்று போனவர், வீடு திரும்பவில்லை. அது எங்கள் நாலு பேருக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் சிரித்தோம்.

இரண்டு கிழமையாக அவர் எங்களோடு கதைக்கவில்லை. கோபமாகவும் இல்லை. கேட்டால் பதில், அவ்வளவுதான்.

செப்டம்பர் 21 தேர்தல் முடிந்தது. எங்கள் மாவட்டத்தில் சஜித்துக்கு 120,588, அரியநேத்திரனுக்கு 18,524. நாடு முழுவதும் அவருக்கு 226,343. ஜனாதிபதியானவர் அநுர குமார திசாநாயக்க. நாங்கள் போட்டதும் வெல்லவில்லை, டீச்சர் போட்டதும் வெல்லவில்லை.

திங்கட்கிழமை கழிந்து பாடசாலைக்குப் போனதும் நாலு பேருமாகப் போய் மன்னிப்புக் கேட்டோம். டீச்சர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "சேர், நான் வெல்லவெண்டு போடல்ல. எண்ட தம்பிய ஒரு இடத்திலயும் ஒருத்தரும் கணக்கில எடுக்கல்ல. இந்த ஒரு கணக்கிலயாவது வரட்டும் எண்டுதான் போட்டன். ஒண்டு சங்குக்கு. ரெண்டு உங்கட ஆளுக்கு."

எங்களுக்கு வாய் திறக்க முடியவில்லை.

யோசித்துப் பாருங்கள். இந்நாட்டில் முதல் தடவையாக 2024இல்தான் விருப்பு வாக்குகளை எண்ணினார்கள். எங்கள் வாக்குச்சீட்டை ஒரு தடவை எண்ணி வைத்துவிட்டார்கள். டீச்சரின் வாக்குச்சீட்டைத் திரும்ப எடுத்து இரண்டாம் தடவையும் பார்த்தார்கள். அப்படிச் சேர்ந்த 167,867 வாக்குகளில் ஒன்று அவருடையது. குப்பைக்கூடை என்று நாங்கள் சொன்ன வாக்கு, நாங்கள் விரும்பியவருக்கே வந்து சேர்ந்திருக்கிறது.

கணக்கில் வராத வலி எங்களுக்குத் தெரியாததா? 2020இல் எங்கள் ஜனாஸாக்களைப் பலவந்தமாக எரித்தார்கள். பிறந்து இருபது நாளான பாலகனையும் விடவில்லை. அப்போது நாங்கள் கனத்தை மயானத்தின் கேற்றில் வெள்ளைத் துணி கட்டினோம். துணி கட்டினால் சட்டம் மாறுமென்று நினைத்தா கட்டினோம்? எங்களுக்கு நோகிறது என்று சொல்ல வேறு வழி இருக்கவில்லை. அடுத்த பெப்ரவரியில் பொத்துவில் முதல் பொலிகண்டி வரை நடந்த பேரணியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்கான கோரிக்கையோடு எங்கள் ஜனாஸாக் கோரிக்கையும் இருந்தது. திருகோணமலை ஊடாகவும்தான் அந்தப் பேரணி போனது. அதில் நடந்த தமிழ்ச் சகோதரர்கள் யாரும் "இதால என்ன பிரயோசனம்" என்று எங்களைக் கேட்கவில்லை.

பொது வேட்பாளர் சரியா, பிழையா என்று இன்னும் வாதாடலாம். எங்களிடம் கேட்காதது பிழை என்றுதான் இப்போதும் சொல்வோம். டீச்சரிடமும் சொன்னோம். "அது நியாயம் சேர், அடுத்த முறை சண்டை பிடிச்சுக் கேளுங்க" என்றார். ஒருவரின் முடிவை விமர்சிப்பது வேறு, அவரின் நோவைப் பார்த்துச் சிரிப்பது வேறு. அதைப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற நாங்களே அன்று மறந்துவிட்டோம்.

2024 நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தலும் வந்துபோனது. திரும்பவும் சின்னங்கள், திரும்பவும் வட்ஸ்அப் சண்டைகள். ஒருவர் ஏன் அப்படிப் போடுகிறார் என்று கேட்டுவிட்டு வாதாடுவோம். கேட்காமல் சிரிக்க வேண்டாம்.

நேற்று இடைவேளைக்கு டீச்சர் எங்களுக்கும் சேர்த்து பிளேன்டீ சொன்னார். சீனி கொஞ்சம் கூட. அல்ஹம்துலில்லாஹ்.