நூறு வோல்ட் தேசம்

ஆபீஸ் வேலையாக ஜப்பான் கிளம்புகிறீர்களா? பெட்டியில் ஊறுகாய் பாட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பிளக் அடாப்டரையும் வையுங்கள். நம்ம ஊர் உருண்டைப் பின் அங்கே நுழையாது. டோக்கியோவில் நான் தங்கிய ஓட்டல் சுவரில் தட்டையாக இரண்டே இரண்டு ஓட்டைகள்தான்.

ஒரு விஷயம். அடாப்டர் மாற்றுவது பின்னின் வடிவத்தை மட்டும். வோல்டேஜை அல்ல. நமக்கு 230 வோல்ட், அவர்களுக்கு வெறும் 100.

செல்போன், லேப்டாப் சார்ஜரில் பொடி எழுத்தைப் பாருங்கள். '100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்' என்றிருந்தால் கவலையே வேண்டாம். என்னோடு வந்த நண்பர் கொண்டுவந்தது இஸ்திரிப் பெட்டி. மறுநாள் காலை மீட்டிங்.

"என்ன சார் இது, பூனைக்குட்டி மாதிரி வெதுவெதுன்னு இருக்கு?" என்றார்.

பின்னே? 230-க்குச் செய்த 1000 வாட் பெட்டி, 100 வோல்ட்டில் 190 வாட்தான் தரும். சட்டையில் ஒரு சுருக்கம்கூட அசையவில்லை.

பிறகு ஒசாகாவுக்கு புல்லட் ரயில். வலப்பக்க ஜன்னலில் புஜி மலை. எல்லோரும் மலையை போட்டோ எடுக்க, நான் பார்த்தது அடுத்து வந்த புஜி நதியை. ஏறக்குறைய அங்கேதான் ஜப்பானின் மின்சாரம் இரண்டாகப் பிரிகிறது. கிழக்கே 50 ஹெர்ட்ஸ், மேற்கே 60. 1890-களில் டோக்கியோ ஜெர்மனியிலிருந்து ஜெனரேட்டர் வாங்கியது. ஒசாகா அமெரிக்காவிலிருந்து வாங்கியது. நூறு வருஷம் தாண்டியும் ராசியாகவில்லை!

சிரிப்பதற்கில்லை. 2011 பூகம்பத்தில் கிழக்கே மின் நிலையங்கள் படுத்துவிட்டன. மேற்கே கரண்ட் இருந்தும் தாராளமாக அனுப்ப வழியில்லை. 50-ஐயும் 60-ஐயும் இணைத்த மாற்றிகள் அப்போது தாங்கியது சுமார் 1000 மெகாவாட்தான். டோக்கியோவைச் சுற்றி முறை வைத்து கரண்ட் கட்.

திரும்பும்போது டோக்கியோவின் அகிஹபரா கடைத்தெருவில் அம்மாவுக்கு ரைஸ் குக்கர் வாங்க ஆசை வரும். உஷார்! உள்ளூர் 100 வோல்ட் குக்கரை நம் வீட்டில் செருகினால் ஐந்து மடங்கு சூடு. சோறு வராது, புகைதான் வரும். வெளிநாட்டுக்காரர்களுக்கென்றே 220-240 வோல்ட் மாடல் உண்டு, கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் எவ்வளவு பணிவாகக் குனிந்து தலையாட்டினாலும் சரி, குக்கரைக் கவிழ்த்துப் பொடி எழுத்தைப் படித்துவிட்டே பர்ஸைத் திறங்கள்.